நிசேகோவின் பொடிப்பனியும் நான்கு திருகுகளும்

ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் உள்ள நிசேகோவில் ஆறு நாள் இருந்தோம், தம்பியும் நானும். பகலெல்லாம் மலை. இருட்டியதும் தங்குமிடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த நீள மேசை. அதில் பனியில் சறுக்கும் பலகையான ஸ்னோபோர்டைக் குப்புறக் கிடத்தி, மெழுகு ஏற்றி, திருகு ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். இப்போது எழுத உட்கார்ந்தால் மலையைவிட அந்த மேசைதான் முதலில் கண்முன் வருகிறது. போனதே அதற்காகத்தான். பொடிப்பனிக்கென்றே செய்த ஒரு புதுப் பலகையையும், காலணியைப் பலகையோடு பூட்டும் பைண்டிங்குகள் என்னிடம் இருந்த இரண்டு ஜோடியையும் உண்மையான ஆழப்பனியில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது இரண்டு வருட ஆசை.

அதற்கு ஹொக்கைடோவைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. சைபீரியாவிலிருந்து கிளம்பும் குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது, தன்னைவிடச் சூடாக இருக்கும் அந்தத் தண்ணீரிலிருந்து ஈரத்தை வாரிக்கொள்கிறது. கரையேறியதும் மலைகளில் முட்டி மேலெழுந்து, சுமந்து வந்ததையெல்லாம் பனியாகக் கொட்டிவிடுகிறது. நிசேகோ அன்னுபுரி 1,308 மீட்டர்தான், பெரிய உயரமில்லை. எதிரே கூம்பு மாதிரி நிற்கும் யோதெய் எரிமலை 1,898 மீட்டர். நாங்கள் இருந்த ஆறு நாளில் யோதெய் முழுசாகத் தெரிந்தது ஒரே ஒரு காலை. மற்ற நாளெல்லாம் பனி கொட்டிக்கொண்டே இருந்தது. கையில் அள்ளி ஊதினால் மாவு மாதிரிப் பறக்கும்.

பலகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வழக்கமான போர்டில் முன்பக்கமும் பின்பக்கமும் அகலத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. பொடிப்பனிப் பலகைக்கு மூக்கு அகலம், வால் குறுகல். என்னுடையதில் வால் மீன்வால் போல இரண்டாகப் பிளந்திருக்கும். வாலில் பரப்பு குறைந்தால் அது பனிக்குள் அமிழும். வால் அமிழ்ந்தால் மூக்கு தானாக மேலே எழும். மூக்கை மேலே வைத்திருக்கப் பின்னங்கால் படும் பாடு அதனால் பாதியாகிவிடுகிறது. தத்துவம் இவ்வளவுதான். ஆனால் கால் எந்த இடத்தில் நிற்கிறது என்பது தப்பினால் இத்தனை வடிவமைப்பும் வீண்.

முதல் நாள் எனக்கு நடந்தது அதுதான். பைண்டிங்குகளைப் பலகையில் குறித்திருந்த நடு இடத்திலேயே மாட்டியிருந்தேன். இடையில் 54 சென்டிமீட்டர், முன்கால் மூக்கின் பக்கம் 18 டிகிரி திருப்பம், பின்கால் 3 டிகிரி. முழங்கால் ஆழப் பனியில் நான்கு முறை இறங்கியதும் பின்தொடை எரிய ஆரம்பித்துவிட்டது. மூக்கு அடிக்கடி உள்ளே போகப் பார்த்தது. அன்று இரவு இரண்டு பைண்டிங்கையும் ஒரு துளை பின்னால் தள்ளினேன். அந்தப் பலகையில் துளைகளுக்கு நடுவே 2 சென்டிமீட்டர். மறுநாள் காலை அதே சரிவு, அதே ஆழம், பின்தொடை நோகவே இல்லை. வெறும் 2 சென்டிமீட்டர்!

சோதிப்பதில் நான் விடாப்பிடியாக வைத்திருக்கும் பழக்கம் ஒன்று உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றுவேன். பலகையையும் பைண்டிங்கையும் சேர்த்து மாற்றினால் எது எதைச் செய்தது என்று பிறகு கண்டுபிடிக்க வழியே இல்லை. பொடிப்பனியில் இது இன்னும் கஷ்டம், ஏனென்றால் தடம் படாத பனி காலையில் முதல் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். அதற்குள் இரண்டு மூன்று ஓட்டம். அப்புறம் மாலையில் நிசேகோவின் ஹிராஃபு பக்கம் விளக்குப் போட்டதும், பகல் முழுக்கக் கொட்டிய பனி தடங்களை மூடியிருக்கும், இன்னும் இரண்டு ஓட்டம் கிடைக்கும். ஒவ்வொன்றும் முடிந்ததும் லிஃப்டில் உட்கார்ந்தபடியே கையுறையைக் கழற்றி, குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினேன். "கட்டைவிரல் பக்கத் திருப்பம் தாமதம்" என்று இரண்டாம் நாள் மூன்று தடவை எழுதியிருக்கிறேன், அதாவது பலகையில் பக்கவாட்டாக நிற்கும் காலின் விரல்கள் இருக்கும் விளிம்பின் மேல் சாய்ந்து திரும்புவது.

அந்த வரிக்குப் பின்னால் இருந்த தவறுதான் இந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொண்ட பெரிய விஷயம். பலகை அகலமானது, அதனால்தான் விரல் பக்கம் சாய்க்க நேரமாகிறது என்று முடிவே கட்டிவிட்டேன். தம்பியிடமும் அப்படித்தான் சொன்னேன். அவன் என் காலணியைப் பைண்டிங்கில் பூட்டி, மேசை மேல் வைத்து, கண்ணை ஒட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, குதிகால் வெளியே நிக்குது, விரல் உள்ளேயே இருக்கு பாரு" என்றான். அளந்தோம். குதிகால் விளிம்பைத் தாண்டி 2 சென்டிமீட்டருக்கும் மேல் நீட்டியிருந்தது. விரல் பக்கம் விளிம்போடு சமமாக நின்றது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு நீட்டினால்தான் இரண்டு விளிம்புக்கும் ஒரே பலம் போகும். பைண்டிங்கைப் பலகையோடு பிடிக்கும் வட்டத் தகடான டிஸ்கை, பழைய போர்டில் இருந்த அதே நிலையில் புதுப் பலகையிலும் மாட்டியிருந்தேன். அகலம் வேறு என்பதை யோசிக்கவில்லை. டிஸ்கின் நீள்துளைகள் குறுக்கே வரும்படி திருப்பி வைத்து, பைண்டிங்கை விரல் பக்கம் நகர்த்தினோம். அடிப்பலகையின் முன்னால் இருக்கும் இழுப்பு மிதியையும் ஒரு படி வெளியே இழுத்தேன். மூன்றாம் நாள் அந்தப் பலகை வேறு பலகை. ஒரு நாள் முழுக்க அதன் மேல் வீண்பழி போட்டிருந்தேன், அது இன்னும் மனதை உறுத்துகிறது.

இரண்டு ஜோடி பைண்டிங்கில் ஒன்று விறைப்பானது. காலின் பின்புறத்தைத் தாங்கும் ஹைபேக் வளையவே வளையாது. இன்னொன்று நடுத்தரம், கணுக்காலை பக்கவாட்டில் அசைய விடும். இயந்திரத்தால் அழுத்திய பாதையில் விறைப்பானதுதான் எனக்குப் பிடிக்கும். நினைத்த கணத்தில் விளிம்பு கடிக்கும். ஆழப்பனியில் விளிம்புக்கு வேலை குறைவு, உடல் எடையை மெல்ல நகர்த்துவதுதான் திருப்பம். அங்கே விறைப்பான பைண்டிங் கணுக்காலின் சின்னச் சின்ன நடுக்கத்தையும் பலகைக்குக் கடத்திவிடுகிறது. மென்மையானது அதை விழுங்கிக்கொள்கிறது. ஹைபேக்கின் முன்சாய்வை முழுக்கக் குறைத்து, பின்கால் கணுக்கால் ஸ்ட்ராப்பை ஒரு பல் தளர்த்தியதும், கால்கள் நிமிர்ந்து மூச்சு விட்ட மாதிரி இருந்தது. பொடிப்பனிக்கு என் தேர்வு சந்தேகமில்லாமல் மென்மையானதுதான்.

பனியில் பலகை ஓட்டும் பழக்கம் கால்கட்டே இல்லாமல்தான் தொடங்கியது. 1965-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துக் கட்டி, மகள்களுக்காக 'ஸ்னர்ஃபர்' செய்தார். மூக்கில் ஒரு கயிறு, பிடித்துக்கொள்ள. பாதத்தைப் பூட்டி ஜேக் பர்ட்டன் போட்டிக்கு வந்தது 1979-இல். நிசேகோவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தாரோ தமாய் 1998-இல் தொடங்கிய ஜென்டெம்ஸ்டிக், கடலலையில் ஓட்டுவதைப் போலப் பனியில் ஓட்டும் பலகைகளை இங்கிருந்துதான் செய்கிறது. லிஃப்ட் வரிசையில் கூரான வால், பிளந்த வால், உருண்டை மூக்கு என்று விதவிதமாகப் பார்த்தபோது எனக்குக் காலை உணவே வேண்டியிருக்கவில்லை.

நான்காம் நாள். மரங்களுக்கு நடுவே நான் முன்னால், தம்பி பின்னால். அவன் குரல் கேட்டது.

"அக்கா, நில்லு! ஸ்ட்ராப் கழண்டுடுச்சு!"

முன்கால் கணுக்கால் ஸ்ட்ராப்பைப் பைண்டிங்கோடு பிடித்திருக்கும் திருகு எங்கேயோ விழுந்துவிட்டது. பொடிப்பனியில் விழுந்த திருகைத் தேடுவது வீண் வேலை. அவன் அவசரத்தில் பலகையைக் கழற்றிவிட்டுக் கீழே கால் வைத்தான். இடுப்பு வரை உள்ளே போய்விட்டது. பலகை இருக்கும் வரைதான் அந்தப் பனி நம்மைத் தாங்கும். அது இல்லாமல் பத்தடி நடக்கப் பத்து நிமிடம் ஆகும். அதனால்தான் ஒரு சிறு டப்பாவில் உதிரித் திருகுகளும் நட்டுகளும் மார்புப் பையில் எப்போதும் வைத்திருக்கிறேன். கூடவே கைப்பிடி குட்டையான திருப்புளி, நீளமான ஒரு ரப்பர் பட்டை.

டப்பாவை எடுப்பது சுலபம், மைனஸ் 12 டிகிரியில் திருகு மாட்டுவது சுலபமில்லை. கையுறையைக் கழற்றினேன். பலகைக்கு அடியில் என் மேலங்கியின் ஓரத்தை விரித்துப் பிடித்தான் தம்பி, எது விழுந்தாலும் அதில் விழட்டும் என்று. உலோகம் விரலில் ஒட்டிக்கொண்டது. முதல் தடவை நட்டு நழுவி மேலங்கியில் விழுந்தது. துளைக்குள் பனி அடைத்திருந்ததால் இரண்டாம் தடவை திருகு ஏறவே மறுத்தது. திருப்புளி முனையால் அதைத் தோண்டி, வாயால் ஊதி, மறுபடி வைத்தபோதுதான் புரியில் புரி அமர்ந்தது. விரல் நுனிகளில் உணர்ச்சி இல்லை, இறுக்கம் போதுமா என்று சொல்ல முடியவில்லை. அதனால் ஸ்ட்ராப்புக்கு மேலாக ரப்பர் பட்டையையும் சுற்றி இழுத்துக் கட்டினோம். மெல்ல, நான் முன்னால் அவன் பின்னால், கீழே வந்து சேர்ந்தோம்.

காரணம் என்ன என்று யோசித்தால், முந்தைய இரவு காலணிக்கேற்ப ஸ்ட்ராப்பின் இடத்தை மாற்றியது நாங்கள்தான். திருகை விரலால் ஏற்றிவிட்டு, "அப்புறம் இறுக்கலாம்" என்று பேச்சில் மறந்துவிட்டோம். காலையில் அழுத்திய பாதையில் இறங்கிய அதிர்வு மீதியைச் செய்தது. அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு ஏற்பாடு: ஒருவர் இறுக்கியதை மற்றவர் தொட்டுப் பார்க்க வேண்டும்.

தொட்டுப் பார்ப்பதிலும் விஷயம் இருக்கிறது. பலகையில் ஒவ்வொரு பைண்டிங்கையும் பிடிக்கும் நான்கு திருகும் எம்6 அளவு. தலையில் இருப்பது சாதாரண கூட்டல் குறி போலத் தெரிந்தாலும் உற்றுப் பார்த்தால் நடுவே நான்கு மெல்லிய கோடுகள் இருக்கும். அது போசிட்ரைவ், 3-ஆம் எண் முனை. சாதாரண பிலிப்ஸ் முனையால் திருகினால் வழுக்கி வழுக்கித் தலை மழுங்கிவிடும். மழுங்கிய திருகைக் கழற்றப் பட்டவர்களுக்குத்தான் அந்த அவதி தெரியும். முதலில் நான்கையும் கையால் ஏற்றி, பிறகு கார் சக்கர நட்டு மாதிரிக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஐந்தாறு முழுச்சுற்றாவது உள்ளே போகாவிட்டால் திருகு குட்டை. அளவுக்கு மேல் நீளமானால் அடிப்பக்கத்தை உள்ளிருந்து முட்டி மேடாக்கும். திரவப் பசை பூசிப் பூட்டலாமே என்று சிலர் சொல்வார்கள். பிளாஸ்டிக் டிஸ்கில் அதைச் செய்யாதீர்கள், சிலவகைப் பிளாஸ்டிக் அதனால் வெடித்துவிடும்.

ஸ்ட்ராப்பைப் பல் பல்லாக இறுக்கும் ராட்செட்டுக்கு எதிரி ஈரம். சூடான அறையில் உருகிய பனியோடு அப்படியே வெளியே எடுத்துப் போனால், உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கோடு பல் உறைந்து, ஸ்ட்ராப் ஏறவும் ஏறாது இறங்கவும் இறங்காது. இரவில் துடைத்துக் காயவைத்துவிட்டு, ராட்செட் கடிக்கும் ஏணிப் பட்டையின் பற்களை நகத்தால் வருடிப் பார்ப்பேன். கூர்மை போய் வழுவழுப்பாக இருந்தால் மாற்றிவிடுவேன். காலணி வைக்கும் இடத்தில் ஒட்டியிருக்கும் பனிக்கட்டியைச் சுரண்டாமல் பூட்டுவதும் தப்பு. குதிகால் பின்னால் போய் அமராது.

மெழுகு வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. குளிர்ந்த பனியின் படிகம் கூரானது, அடிப்பரப்பை உப்புத்தாள் மாதிரித் தேய்க்கும். மூன்றாம் நாள் இரவே விளிம்பை ஒட்டி அடிப்பக்கம் வெளிறிப் போயிருந்தது. மெழுகு வற்றிவிட்டது என்று அர்த்தம். பலகையை உள்ளே கொண்டுவந்து ஒரு மணி நேரம் விட்டு, பைண்டிங்கைக் கழற்றிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். திருகுகள் இறுகிய நிலையில் சூடு பட்டால் அடியில் குழி குழியாகத் தடம் விழலாம். கடுங்குளிருக்கான கெட்டி மெழுகைச் சொட்டவிட்டு, இஸ்திரியை நிறுத்தாமல் நகர்த்த வேண்டும். புகை வந்தால் சூடு அதிகம். ஆறியதும் மூக்கிலிருந்து வால் வரை பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, பித்தளைத் தூரிகை, அப்புறம் நைலான் தூரிகை. தம்பி சுரண்டுவான், நான் தூரிகை பிடிப்பேன். சுருள் சுருளாக மெழுகு மேசையில் குவியும். ஃப்ளோரின் கலந்த மெழுகு வேகம் தரும் என்பார்கள். உடம்புக்கும் மண்ணுக்கும் கெடுதல் என்பதால் 2023-24 பருவத்திலிருந்து சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் போட்டிகளில் அதற்குத் தடை. நான் அதைத் தொடுவதேயில்லை.

விளிம்பில் அதிகம் செய்வதில்லை. மூக்கிலும் வாலிலும் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கி, கல்லில் உரசிய பிசிறை வைரக்கல்லால் எடுத்து, துணியால் துடைத்து வைத்தால் போதும். துடைக்காமல் விட்டால் ஒரே இரவில் துரு பிடிக்கும்.

ஐந்தாம் நாள் காற்று அதிகம், மேல் லிஃப்டுகள் ஓடவில்லை. பனிச்சறுக்குப் பகுதியின் எல்லை வாயில்களும் திறக்கவில்லை. நிசேகோவில் வாயில் வழியாக மட்டுமே எல்லைக்கு வெளியே போகலாம், மூடியிருந்தால் கயிற்றைத் தாண்டக் கூடாது. அந்த விதியை மதிக்கும் மலையில் எனக்குப் பயமில்லாமல் இருந்தது. ஆறாம் நாள் திறந்தார்கள். பனியில் புதைந்தால் இடம் காட்டும் பீக்கன், மண்வெட்டி, துழாவு கோல் எல்லாம் சரிபார்த்து, வாயிலுக்கு முன்னால் நின்று தம்பி என் திருகுகளைத் தொட்டான், நான் அவனுடையதைத் தொட்டேன். இருவருக்கும் எட்டும் இறுக்கம். மார்பு உயரத்துக்குப் பனி எழும்பி முகத்தில் அடித்தது, ஒரு கணம் ஒன்றும் தெரியவில்லை, மறுகணம் மூக்கு மேலே மிதந்து வந்தது. கீழே வந்து நின்றபோது இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

அன்று இரவு என் பலகையின் பைண்டிங்குகளைக் கழற்றினோம். அடிப்பக்கத்தில் மெழுகைத் தடிமனாக ஏற்றி, இந்த முறை சுரண்டாமல் அப்படியே விட்டேன். அடுத்த பருவம் வரை அது காற்றுப் படாமல் காக்கும். எட்டுத் திருகுகளையும் துண்டில் பரப்பிக் காயவைத்தோம். காலையில் டப்பாவில் போடும்போது தம்பி ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னான், எட்டு வந்ததும் மூடியை அழுத்தி மூடினேன்.