எதிராளியிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வி

அரசியல் எதிர்ப்பில் நாகரிகம் குறைந்துவிட்டது என்று வருந்துபவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்த வருத்தத்தை எழுத்தில் வைக்கும்போதே ஒரு தயக்கமும் எழுகிறது. நிதானமாகப் பேசுங்கள், மரியாதையாகக் கேளுங்கள் என்ற அறிவுரையை வரலாற்றில் அதிகம் சொல்லியிருப்பவர்கள், கேட்கப்படுவதைக் கொடுக்க விரும்பாதவர்கள்தாம். 1963 ஏப்ரலில் அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில் கறுப்பினத்தவரின் சம உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் சிறையில் இருந்தபோது, அந்நகரம் இருக்கும் அலபாமா மாநிலத்தின் வெள்ளையின மதத் தலைவர்கள் எட்டுப் பேர், அவருடைய போராட்டங்கள் விவேகமற்றவை, காலத்துக்குப் பொருந்தாதவை என்று அறிக்கை வெளியிட்டார்கள். அதற்கு மறுமொழியாக அவர் சிறையிலிருந்து எழுதிய நீண்ட கடிதம், நீதியைவிட ஒழுங்கைப் பெரிதாக நினைக்கும் மிதவாதிகளையே கடுமையாகச் சாடியது. எனவே நாகரிகம் என்ற பெயரில் வாயடைக்கும் வேலை நடக்கிறது என்று இளைஞர்கள் சந்தேகப்பட்டால், அந்தச் சந்தேகத்துக்கு அடிப்படை உண்டு என்றே கொள்ள வேண்டும்.

ஆனால் அதே பர்மிங்காம் போராட்டத்தில் சேர வந்த தொண்டர்கள் ஓர் உறுதிமொழி அட்டையில் கையெழுத்திட வேண்டியிருந்தது என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதில் பத்து விதிகள் இருந்தன. நண்பரிடமும் பகைவரிடமும் ஒன்றுபோலச் சாதாரண மரியாதையைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. கையாலும் நாவாலும் உள்ளத்தாலும் வன்முறை செய்யக் கூடாது என்பது மற்றொன்று. நாவின் வன்முறையைக் கையின் வன்முறைக்கு அருகில் வைத்தவர்கள் கோழைகள் அல்லர். காவல்துறை ஏவிய நாய்களையும் தீயணைப்புக் குழாய்களின் நீர்வீச்சையும் நேரில் சந்தித்தவர்கள்.

இதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர் நாஷ்வில் நகரில் நடந்தது எனக்கு இன்னும் பெரிய பாடமாகத் தோன்றுகிறது. கடைகளின் உணவு மேசைகளில் கறுப்பினத்தவருக்கு உணவு பரிமாற மறுத்ததை எதிர்த்து, 1960 பிப்ரவரியில் அங்குள்ள மாணவர்கள் அந்த மேசைகளில் சென்று அமரத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே ஜேம்ஸ் லாசன் என்பவர் அவர்களுக்குப் பயிற்சி அளித்திருந்தார். ஒருவரை அமரவைத்து, மற்றவர்கள் அவரை ஏசியும் தள்ளியும் பார்ப்பது அந்தப் பயிற்சியின் ஒரு பகுதி. திருப்பி அடிக்கக் கூடாது, திட்டினாலும் திட்டக் கூடாது, எப்போதும் நிமிர்ந்து அமர்ந்து மேசையை நோக்கியே இருக்க வேண்டும் என்று அவர்களுடைய விதிகள் கூறின. ஏப்ரல் 19 அதிகாலையில் அவர்களுடைய வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் வீடு குண்டு வீசிப் பெரிதும் சேதப்படுத்தப்பட்டது. வேறு எந்தக் கூட்டமாக இருந்தாலும் அன்று நகரம் எரிந்திருக்கும். அவர்களோ ஆயிரக்கணக்கில் திரண்டு, ஏறக்குறைய அமைதியாகவே நகர மன்றத்துக்கு நடந்தார்கள். அங்கே படிகளில் நின்ற மேயர் பென் வெஸ்ட்டிடம் டயான் நாஷ் என்ற மாணவி, ஒருவரை நிறத்தின் அடிப்படையில் மட்டும் வேறுபடுத்துவது தவறென்று நீங்கள் கருதுகிறீர்களா என்று நேருக்கு நேர் கேட்டார். மேயர் ஆம் என்றார். மே 10 அன்று நகர மையத்திலிருந்த ஆறு கடைகளின் உணவு மேசைகள் கறுப்பினத்தவருக்குத் திறந்துவிடப்பட்டன. அந்த ஒரு கேள்வியால் மட்டும் இது நடந்துவிடவில்லை. கடைகளைப் புறக்கணித்ததன் நட்டமும் வணிகர்களை அழுத்தியது. ஆயினும், அவமானப்படுத்தப்பட்டிருந்தால் தன்னைத் தற்காத்துக்கொண்டு போயிருக்கக்கூடிய ஒரு மனிதரை, அந்தக் கேள்வி பதில் சொல்லியே தீர வேண்டிய இடத்தில் நிறுத்தியது.

இன்று நாம் இழந்திருப்பது இனிமையான சொற்களை அன்று, எதிராளியை நோக்கிப் பேசும் அந்தப் பழக்கத்தை என்பது என் கருத்து. இன்றைய ஆர்ப்பாட்டங்கள் பலவற்றில் முழக்கம் எதிர்த்தரப்பின் பெயரைச் சொன்னாலும், அது சென்று சேர வேண்டிய காது சொந்தத் தரப்பினுடையதாகவே இருக்கிறது. பக்கத்தில் நிற்பவர் கைதட்ட வேண்டும், மேடையிலிருக்கும் தலைவர் கவனிக்க வேண்டும், கைபேசியில் பதிவாகும் அரை நிமிடக் காணொளி பரவ வேண்டும். அந்த நோக்கத்துக்கு வாதம் பயன்படாது; எதிராளியின் உடல், பிறப்பு, அவர் வீட்டுப் பெண்கள் ஆகியவற்றைப் பற்றிய ஏச்சே பயன்படும். முடிவெடுக்காமல் ஓரமாக நின்று பார்ப்பவர் அந்த ஏச்சைக் கேட்டு விலகிப் போகிறார் என்பதை யாரும் கணக்கில் கொள்வதில்லை, ஏனென்றால் அந்தப் பேச்சு அவருக்கானதே அன்று.

கோபம் இன்று புதிதாகப் பிறந்ததுபோல் பேசுவதும் சரியல்ல. 1856 மே மாதம் அமெரிக்க செனட் அவைக்குள்ளேயே, அடிமைமுறையைக் கண்டித்துப் பேசிய சார்ல்ஸ் சம்னரை, பிரஸ்டன் புரூக்ஸ் என்ற பிரதிநிதிகள் அவை உறுப்பினர் கைத்தடியால் இரத்தம் வழிய அடித்தார். என்னை அச்சுறுத்துவது அந்த அடியைக் காட்டிலும் அதற்குப் பின் நடந்ததுதான். புரூக்ஸின் ஆதரவாளர்கள் அவருக்குப் புதிய கைத்தடிகளைப் பரிசாக அனுப்பினார்கள். வெறி பிடித்த ஒருவரைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். அவருக்குப் பரிசு அனுப்புபவர்களை என்ன செய்வது?

அந்தப் பரிசை மறுக்கும் துணிவு சொந்தத் தரப்பின் தலைவர்களிடமிருந்துதான் வர வேண்டும். 2008 அக்டோபரில் மினசோட்டா மாநிலத்தில் நடந்த தேர்தல் கூட்டமொன்றில், ஒபாமா ஓர் அரபியர், அவரை நம்ப முடியாது என்று கூறிய பெண்ணிடமிருந்து அதிபர் தேர்தலில் ஒபாமாவை எதிர்த்து நின்ற ஜான் மெக்கெய்ன் ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஒபாமா கண்ணியமான குடும்பத் தலைவர், அடிப்படையான விஷயங்களில் எனக்கு அவரோடு கருத்து வேறுபாடு மட்டுமே உண்டு என்றார். அதே கூட்டத்தில், ஒபாமா அதிபரானால் அஞ்சத் தேவையில்லை என்று சொன்னதற்காக மெக்கெய்னுடைய ஆதரவாளர்களே அவரை எதிர்த்துக் கூச்சலிட்டார்கள். அரபியர் என்பதும் கண்ணியமானவர் என்பதும் எதிர்ச்சொற்களா என்று பின்னர் எழுந்த விமர்சனம் நியாயமானது. அதைவிடப் பெரிய குறை, அந்த அச்சத்தை விதைத்ததில் அவருடைய பரப்புரைக்கும் பங்கு இருந்தது என்பதே. சில நாள்களுக்கு முன்புதான் அவருடைய துணை வேட்பாளர் சாரா பேலின், ஒபாமா பயங்கரவாதிகளோடு கூடிக் குலாவுகிறார் என்று மேடையில் பேசியிருந்தார். அந்தப் பேச்சு நடந்த அன்றே மெக்கெய்ன் அதைத் தடுத்திருந்தால், மினசோட்டாவில் ஒலிவாங்கியைத் திரும்ப வாங்க வேண்டிய நிலைகூட வந்திருக்காது என்று நினைக்கிறேன்.