குவாங்கிக்குச் சுருக்குப் போட்ட மூன்று வாரம்

'தி வேலி ஆஃப் குவாங்கி' (1969) படத்தில், குதிரையில் வரும் கவ்பாய்கள் குவாங்கி என்ற டைனோசரைச் சுற்றி வளைத்துக் கழுத்தில் சுருக்குப் போடும் காட்சி ஒன்று உண்டு. அதே மாதிரி நாலே நாலு விநாடி, வீட்டு மேசையில் ஸ்டாப் மோஷனில், அதாவது பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு அசைவையும் தனிப் படமாக எடுத்து, ஓட்டிப் பார்க்கலாம் என்று இறங்கினேன். விநாடிக்கு 12 படம், மொத்தம் 48. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று கணக்குப் போட்டது என் தப்பு.

முதல் வாரம் பொம்மைக்கே சரியாகப் போனது. அலுமினியக் கம்பியை இரட்டையாக முறுக்கி எலும்புக்கூடு, மேலே ஸ்பாஞ்ச், அதற்கும் மேலே பிளாஸ்டிசின். கணுக்காலில் கம்பி இரண்டு முறை ஒடிந்தது. கடைசியில் பாதத்துக்குள் நட்டைப் புதைத்து எம்-சீல் வைத்து, பலகையில் ஓட்டை போட்டுக் கீழிருந்து போல்ட் முடுக்கினேன். அப்புறம்தான் ஒற்றைக் காலில் நின்றது. அண்ணன் மகன் வந்து பார்த்துவிட்டு, "சித்தப்பா, பல்லி நல்லா இருக்கு" என்றான்.

உண்மையான தலைவலி கயிறுதான். தையல் நூலைக் கட்டி 15 படம் எடுத்து ஓட்டிப் பார்த்தேன். டைனோசர் பரவாயில்லை, நூல் மட்டும் பேய் பிடித்தது போலத் துள்ளியது. ஃபேனை நிறுத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன், மூச்சைக்கூட அடக்கினேன். பயனில்லை. நூலுக்கு ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு அதே வளைவில் நிற்கத் தெரியாது.

குவாங்கி பொம்மையைத் திரையில் அசைய வைத்த ரே ஹாரிஹவுசன் என்ன செய்தார் என்று தேடினேன். ஸ்பெயினில் படம்பிடிக்கும்போது ஒரு ஜீப்பில் உயரமான கம்பம் நட்டு, குதிரைவீரர்களை அதில் நிஜக் கயிறு மாட்டி இழுக்கவிட்டிருக்கிறார்கள். பிறகு ஜீப் மறையும்படி அதே இடத்தில் டைனோசர். நிஜக் கயிற்றின் நுனியும் பொம்மைக் கழுத்துக் கயிறும் ஒவ்வொரு படத்திலும் ஒட்டி வர வேண்டும். நினைத்தாலே கை நடுங்குகிறது. இந்தக் கதையை 1940களில் தொடங்கியவர் அவருடைய குரு வில்லிஸ் ஓ'பிரையன். அப்போது பாதியில் நின்றுபோனது. 1962இல் குரு இறந்த பிறகு சீடர் கையில்தான் படமானது.

ஜீப்பிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: கயிறு விறைக்க வேண்டுமானால் மறுமுனையில் எதிர்த்து இழுக்க ஏதாவது இருக்க வேண்டும். பழைய மோட்டார் காயிலில் இருந்து மெல்லிய செப்புக்கம்பியை உருவி, மேலே பழுப்பு நூல் சுற்றினேன். தொய்வு வேண்டுமென்றால் விரலால் வளைப்பது, இழுப்பு வேண்டுமென்றால் நீவி நேராக்குவது. கூடவே, கயிறு விறைத்ததும் முதலில் கழுத்தை மட்டும் திருப்பி, இரண்டு படம் கழித்துத்தான் உடம்பைச் சாய்த்தேன். ஓட்டிப் பார்த்தபோது பல்லிக்கு முதல்முறையாக எடை வந்திருந்தது!

வெளிச்சம் இன்னும் சரியாகவில்லை. கேமராவில் எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே வரும் ஒளியின் அளவை, மாறாமல் பூட்டியும், மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது தோலின் நிறம் மாறுகிறது. குவாங்கியே சில ஷாட்களில் ஊதாவாகத் தெரியும் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

இப்போது 37ஆவது படத்தில் நிற்கிறது. மேசையைத் தொடக் கூடாது என்று சீட்டு எழுதி ஒட்டியாயிற்று. ஒரு வாரமாகச் சாப்பாடு தரையில்தான்.