கெட்ட கனவைக் கலைக்கும் நாய்

போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்கள் பலருக்கு ராத்திரிதான் பெரிய பாடு; கெட்ட கனவு வந்து உலுக்கும். அதனால் அவர்களுக்கு உதவப் பழக்கும் துணை நாய்க்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைகளில் கெட்ட கனவைக் கலைப்பதற்கே முதலிடம் கொடுப்பேன்.

பகலில் தொடங்குங்கள். வீரர் படுத்துக்கொண்டு, கெட்ட கனவில் தவிப்பதுபோல மூச்சை வேகமாக விட்டு, கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு லேசாக உதற வேண்டும். நாய் அந்தக் கையை மூக்கால் முட்டிய நொடியே ஒரு சின்னத் தீனித் துண்டு. ஒரு தடவைக்கு 5 நிமிஷம், நாளுக்கு 2 தடவை போதும். நன்றாகப் பழகியபின் விளக்கை அணைத்து, முனகல், கால் உதைப்பது என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

முகத்தை நக்கியோ நெஞ்சில் பாய்ந்தோ எழுப்ப மட்டும் பழக்காதீர்கள். திடுக்கிட்டு விழிப்பவரின் கை தன்னையறியாமல் ஓங்கிவிடும். ஒருமுறை அடிபட்ட நாய் கட்டில் பக்கமே வரத் தயங்கும், பாவம். கையை முட்டுவது, கால்மாட்டில் போர்வையை இழுப்பது, இவைதான் பாதுகாப்பு. வீரர் முழுதாக விழித்து உட்கார்ந்த பிறகு நாய் அவர் மடியில் தலையை வைத்து அழுத்தட்டும். மூச்சு மெல்ல சீராகும்.

வெளியே போகும்போது எப்போதும் முதுகுக்குப் பின்னால் நாயைக் காவல் நிறுத்துவது எனக்கு உடன்பாடில்லை. 'பின்னால் ஆபத்து இருக்கிறது' என்ற எண்ணத்தை அது உறுதிப்படுத்திவிடக்கூடும். சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ராத்திரி விழித்த நாய்க்குப் பகலில் தூக்கம் வேண்டும். வேலை நேரத்தில் உடம்பில் மாட்டும் சேணத்தைக் கழற்றிவிட்டு, தினமும் கொஞ்ச நேரம் சும்மா ஓட விடுங்கள்.