மீசைப்புலிமலையில் புல்லும் பூவும்

ஜனவரி 17, 2025

மூணாறிலிருந்து ஜீப் பிடித்து, தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி ரோடோ வேலி முகாமுக்கு இருட்டுவதற்குள் வந்து சேர்ந்தோம். வழிகாட்டி அண்ணன் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர், தாத்தா காலத்தில் சங்கரன்கோவில் பக்கமிருந்து தேயிலை வேலைக்கு வந்த குடும்பமாம். "காலையில வெளிச்சம் வந்ததும் கிளம்பிடணும் தம்பி, வெயில் ஏறிட்டா பறவையெல்லாம் அடங்கிடும்" என்றார்.

முகாமைச் சுற்றி நட்டு வளர்த்த பைன் மரங்கள். உள்ளே கொஞ்ச தூரம் நடந்து பார்த்தேன், கீழே ஊசியிலை மெத்தை, ஒரு செடிகூட இல்லை, ஒரு குருவிச் சத்தமும் இல்லை. ஓடைக்கு வந்த பிறகுதான் ஒரு சாம்பல் வாலாட்டி, மஞ்சள் வயிறும் நிற்காத வாலுமாகக் கல்லுக்குக் கல் தாவிக்கொண்டிருந்தது. இமயமலைப் பக்கமிருந்து குளிருக்கு வந்த விருந்தாளி.

ஜனவரி 18

விடியும்போது புல்லெல்லாம் உறைபனி, ஷூ படும் இடமெல்லாம் நொறுங்கியது.

முதல் சோலைக்குள், அதாவது மலை மடிப்பில் ஒதுங்கி நிற்கும் குட்டை மரக் காட்டுக்குள், நுழைந்ததுமே கறுப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான். ஆண் பறவை, கறுப்புத் தலை, கறுப்பு இறக்கை, மீதியெல்லாம் தீக்கங்கு நிறம். நம் கால் உயரத்திலேயே புதருக்குள் திரியும், அதிகம் பயப்படாது. இது மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டு வேறெங்கும் கிடையாது.

அப்புறம் ரோடோடென்ட்ரான். கோணல்மாணலான கட்டை மரம், தக்கை மாதிரி தடித்த பட்டை, நெருப்பையும் பனியையும் அதுதான் தாங்குகிறது. கொத்துக் கொத்தாக ரத்தச் சிவப்பில் பூத்திருந்தது. இதன் உறவுக்கார மரங்கள் இமயத்தில் இருக்கின்றன, நடுவில் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டருக்கு ஒரு மரம்கூட இல்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பழனிச் சிரிப்பான் கூட்டமொன்று கத்திக்கொண்டே வந்து இறங்கியது, சாம்பல் கழுத்து, கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம், செம்பழுப்பு வயிறு. ஒன்று பூவுக்குள் முகத்தை முழுசாக நுழைத்துத் தேன் குடித்துவிட்டு நிமிர்ந்தபோது நெற்றியில் மகரந்தம் ஒட்டியிருந்தது, அதைத் துடைக்காமலே அடுத்த கொத்துக்குத் தாவியது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே போனால் இந்தப் பறவை இல்லை, நீலகிரியில் இருப்பது வேறு இனம். இந்தச் சிரிப்பான்களை மற்ற சிரிப்பான்களிலிருந்து பிரித்துத் தனிப் பேரினமாக, அதாவது நெருங்கிய இனங்களின் தனிக் குழுவாக, வைத்ததே 2017ல்தான்.

மேலே ஏறினால் புல்வெளி. கூட வந்த ஒருவர் "இங்க வெறும் புல்தானே" என்று கேட்டார், எனக்கு மனசு பொறுக்கவில்லை. அந்த "வெறும் புல்லில்" மஞ்சள் ஹைபெரிகம், காய்ந்தாலும் நிறம் போகாத வெள்ளை அனாபலிஸ், கசக்கினால் வலித் தைலம் மணக்கும் கோல்தேரியா இலை. அண்ணன் குனிந்து காட்டிய செடிதான் நீலக்குறிஞ்சி, 2018ல் பூத்து விழுந்த விதையில் முளைத்தது, இப்போது வெறும் இலையாக நிற்கிறது, 2030ல்தான் பூக்கும். சற்றுத் தள்ளி ஒரு பாறையில் நீலகிரி நெட்டைக்காலி. முதுகு முழுக்கக் கருங்கோடுகள், பார்க்க எளிய பறவை. உயரமான இந்தப் புல்வெளி போய்விட்டால் அதற்குப் போக வேறு இடமே இல்லை.

உச்சி 2,640 மீட்டர், தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரங்களில் ஒன்று. தேனிப் பக்கம் முழுக்க மேகம். வரையாடுகள் சரிவில் மேய்ந்தன.

ஜனவரி 19

இறங்கும் வழியில் சீகை மரம், அதாவது வாட்டில், புல்வெளி ஓரத்தில் கன்றுகளாக ஏறி வருவதைப் பார்த்தோம். ஆங்கிலேயர் காலத்தில் விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தது. விதை பல வருடம் மண்ணில் கிடந்து, நெருப்பு பட்டால் மொத்தமாக முளைக்கும். பழனி மலையில் 1973க்குப் பிறகான 40 ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போயிருக்கிறது, பெரும்பாலும் சீகை, பைன், யூகலிப்டஸ் தோப்புகளாகத்தான். பச்சையாகத் தெரிவதால் யாருக்கும் இழப்பாகத் தெரிவதில்லை. மரம் நடுவது எங்கேயும் நல்லது என்று நினைக்கிறவர்களை இங்கே கூட்டி வந்து நெட்டைக்காலியைக் காட்ட வேண்டும் போலிருந்தது.

ஜனவரி 20

போடி, வீடு. கொல்லைப் புளியமரத்தில் பச்சைக் கதிர்குருவியின் குரல், மலையில் கேட்ட அதே குரல். ஏப்ரல்வாக்கில் வடக்கே போய்விடும்.

போக நினைப்பவர்களுக்கு: மீசைப்புலிமலைக்கு கேரள வன வளர்ச்சிக் கழகத்தில் முன்பதிவு செய்தே ஆக வேண்டும், வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். பூவுக்கு ஜனவரி, பிப்ரவரி நல்லது. பாதையை விட்டுப் புல்லில் இறங்காதீர்கள், நெட்டைக்காலி தரையில்தான் கூடு கட்டுகிறது.