பன்றிகளுக்கும் மாளிகை கட்டிய எழுத்தாளர்

சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே காரில் ஒன்றரை மணி நேரம் போனால் க்ளென் எல்லன். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள் என்பதால் ஒயினுக்காக வருகிற கூட்டம்தான் அதிகம். ஊருக்கு மேலே மலைச்சரிவில் இருக்கிறது அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டனின் பண்ணை. இப்போது அது மாநிலப் பூங்கா.

முதலில் அருங்காட்சியகம். அவர் இறந்த பிறகு மனைவி சார்மியன் கட்டிய கல் வீடு அது. பத்திரிகைகள் அவர் கதைகளைத் திருப்பி அனுப்பிய துண்டுச் சீட்டுகளை அங்கே வைத்திருக்கிறார்கள். கதை திரும்பி வந்த வலி தெரிந்தவர்கள் அந்த இடத்தைச் சீக்கிரம் கடந்துவிட முடியாது. 1897இல் தங்கம் தேடி கனடாவின் க்ளாண்டைக் பகுதிக்குப் போய், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயோடு திரும்பியவர். 1899 ஜனவரியில் ‘ஓவர்லேண்ட் மந்த்லி’ பத்திரிகையில் முதல் பனிநிலக் கதை வந்தது. சன்மானம் 5 டாலர். நான்கே வருடத்தில் ‘தி கால் ஆஃப் தி வைல்ட்’ நாவல். அதன் உரிமையை மேக்மில்லன் நிறுவனத்துக்கு 2,000 டாலருக்கு மொத்தமாக எழுதிக்கொடுத்துவிட்டார். புத்தகம் விற்றுத் தீர்ந்துகொண்டே இருந்தது, ராயல்டி கிடையாது.

“அப்புறம் இவ்வளவு நிலம் எப்படி வாங்கினாரு?” என்றான் கூட வந்த மச்சான்.

எழுதித்தான். தினமும் 1,000 சொல். பாய்மரக் கப்பலில் பசிபிக் கடலைச் சுற்றியபோதும் அந்தக் கணக்கை விடவில்லை. 1905இல் தொடங்கி, பக்கத்து நிலங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து 1,400 ஏக்கர் வரை கொண்டுபோனார். புத்தகம் எழுதுவதே நிலம் வாங்கத்தான் என்று ஒளிவுமறைவின்றிச் சொன்ன ஆள். அந்த வெளிப்படைத்தன்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பணத் தேவைக்கு ஓடி ஓடி எழுதியதில் சோடை போன புத்தகங்களும் உண்டு. கதைக்கருவைக்கூட விலை கொடுத்து வாங்கியிருக்கிறார். விற்றவர், அப்போது பெயர் வராத இளைஞராக இருந்து, பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய எழுத்தாளர் சின்க்ளேர் லூயிஸ்!

பண்ணையில் தவறவிடக் கூடாதது 1915இல் கட்டிய பன்றித் தொழுவம். கல்லால் ஆன வட்டம். நடுவில் தீவனக் கூண்டு. சுற்றிலும் ஒவ்வொரு பன்றிக் குடும்பத்துக்கும் தனி அறை, தனி முற்றம். ஒரே ஆள் நின்று எல்லாவற்றுக்கும் தீனி போடலாம். ‘பன்றி மாளிகை’ என்று கேலி பேசினார்களாம். எனக்கென்னவோ மிகக் கச்சிதமான கட்டடமாகத்தான் பட்டது.

அவருடைய சொந்த மாளிகைக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை. ரெட்வுட் மரத்தடியில் நடந்து போனால் ‘வுல்ஃப் ஹவுஸ்’ சுவர்கள் நிற்கின்றன. எரிமலைக் கல்லில் எழுப்பிய 26 அறை வீடு. குடியேறும் முன்பே, 1913 ஆகஸ்ட் 22 இரவில் எரிந்துபோனது. யாரோ கொளுத்திவிட்டார்கள் என்று பல காலம் பேச்சு. 1995இல் தீவிபத்து நிபுணர்கள் வந்து ஆராய்ந்து, ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகள் தானாகவே பற்றியிருக்கலாம் என்றார்கள். மாடித் தளங்கள் எரிந்துபோன அந்த வீட்டில் கணப்பு அடுப்புகள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவரில் தொங்குகின்றன.

கடைசிவரை இருந்தது சாதாரண மரக் குடிலில். 1916 நவம்பரில் அங்கேயே இறந்தார், வயது 40. அதற்குள் எழுதியது 50 புத்தகங்களுக்குக் குறையாது.

ஓக்லண்டில் அவர் சிறுவயதில் உட்கார்ந்து படித்த மதுக்கடையும் இருக்கிறது. 1906 பூகம்பத்தில் சாய்ந்த தரையை இன்னும் நிமிர்த்தவில்லை. அதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பண்ணைக்கே ஒரு பகல் முழுக்க வேண்டும்.