உண்ணுதல் கோளாறுக்குப் பிறகு: எடையும் மெட்டபாலிசமும் திரும்பும் மாதங்கள்

பட்டினி கிடப்பது, மிகுதியாகத் தின்று வெளியேற்றுவது போன்ற உண்ணுதல் கோளாறிலிருந்து மீளத் தொடங்குகிறவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான்: "என் மெட்டபாலிசம் (உடல் ஆற்றலைச் செலவிடும் இயக்கம்) பழுதாகிவிட்டதா? இனி கொஞ்சம் சாப்பிட்டாலும் எடை ஏறிக்கொண்டே போகுமா?" பழுதாகவில்லை, சுருங்கியிருக்கிறது. வருமானம் நின்ற வீடு செலவைச் சுருக்குவதைப் போல, உணவு வரத்து குறைந்ததும் உடல் தன் செலவைக் குறைத்துக்கொள்கிறது. நாடித்துடிப்பு மெதுவாகிறது, கைகால் சில்லிடுகின்றன, மாதவிடாய் நிற்கிறது, முடி கொட்டுகிறது, சட்டென்று எழுந்தால் தலை கிறுகிறுக்கிறது. ரத்தப் பரிசோதனையில் டி3 என்ற தைராய்டு ஹார்மோன் குறைந்திருக்கும். தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சரியான அளவிலேயே இருக்கும். இது தைராய்டு நோய் அல்ல. இந்த அறிக்கையை வைத்துக்கொண்டு தைராய்டு மாத்திரை விழுங்கினால், ஏற்கெனவே மெலிந்துபோன இதயத் தசைக்கும் எலும்புக்கும்தான் கேடு. போதுமான உணவு திரும்பினால் டி3 தானாகவே ஏறும்.

இதை நம்புவதற்கு ஒரு பழைய சோதனை உதவும். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர், நல்ல உடல்நிலையில் இருந்த 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போயிற்று. ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றல் சுமார் 40 சதவீதம் குறைந்தது. உடல் சிறுத்ததால் குறைந்தது ஒரு பகுதி, மீதி திசுக்களே சிக்கனம் பிடித்ததால். அவர்களில் யாருக்கும் உண்ணுதல் கோளாறு இருந்ததில்லை. ஆனாலும் எந்நேரமும் உணவு நினைப்பு, சமையல் குறிப்புகளைச் சேகரிப்பது, ஒரு வேளை உணவை மணிக்கணக்கில் இழுத்துச் சாப்பிடுவது என்று எல்லாம் வந்தன. கட்டுப்பாடு நீங்கிய பிறகு பல வாரங்களுக்குப் பழைய அளவைவிட மிக அதிகமாகச் சாப்பிட்டும் பசி அடங்கவில்லை. தசையைவிடக் கொழுப்பு வேகமாகத் திரும்பியது, பலருக்குப் பழைய அளவையும் தாண்டியது, பிறகு மாதங்கள் செல்லச் செல்லத் தானாக இறங்கியது. மீட்சியில் உள்ளவர் தன்னிடம் காணும் "அடங்காத பசி" ஒழுக்கக் குறைவு அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இனி வரிசையாகப் பார்க்கலாம். கலோரி எண்கள் எதுவும் இங்கே வராது, வேண்டுமென்றேதான். அந்த எண்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதே இந்த நோயின் பாதி.

உணவைக் கூட்டத் தொடங்கிய முதல் பத்து நாள்தான் உயிருக்கு ஆபத்தான காலம். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாதவர், சில மாதங்களில் வேகமாக எடை இழந்தவர், வாந்தி எடுப்பவர், மலமிளக்கியோ நீர் போக்கும் மாத்திரையோ பயன்படுத்துபவர் ஆகியோர் வீட்டில் தனியாக உணவைக் கூட்டத் தொடங்கக் கூடாது. பட்டினியில் கொழுப்பை எரித்துக்கொண்டிருந்த உடலுக்குள் மாவுச்சத்து வந்ததும் இன்சுலின் உயர்கிறது. அது ரத்தத்திலிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றைச் செல்களுக்குள் இழுக்கிறது. கையிருப்பு ஏற்கெனவே காலியாகியிருப்பதால் ரத்தத்தில் இவை திடீரென்று சரியும். இதயத் துடிப்பு தடுமாறும், மூச்சுத் தசை தளரும், குழப்பமும் வலிப்பும் வரலாம். அதனால்தான் உணவைத் தொடங்குமுன்பே தயமின் (வைட்டமின் பி1) கொடுக்கிறார்கள். முதல் வாரத்தில் ரத்தத்தை அடிக்கடி, தேவைப்பட்டால் தினமும் பார்க்கிறார்கள். சாப்பிடத் தொடங்குமுன் எடுத்த பரிசோதனை "நார்மல்" என்று வந்தது என்பது இங்கே எந்த உத்தரவாதமும் இல்லை, சரிவு அதற்குப் பிறகுதான் வரும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பயத்தில் மிகக் குறைவாகத் தொடங்கி அங்கேயே நின்றுவிட்டால் முதல் வாரத்தில் எடை இன்னும் இறங்கும். கண்காணிப்பு இருக்கும் இடத்தில் சில நாளுக்கு ஒருமுறை உணவின் அளவைக் கூட்ட வேண்டும்.

அந்தக் கட்டம் கடந்தபின் சட்டகம் எளிது, கடைப்பிடிப்பதுதான் கடினம்: மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு அல்லது மூன்று சிற்றுணவு, எந்த இடைவெளியும் மூன்று நான்கு மணி நேரத்தைத் தாண்டாமல். கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும், பசியைப் பார்த்து அல்ல. பசியும் நிறைவும் சொல்லும் செய்தி பல மாதங்களுக்கு நம்பத்தக்கதாக இருக்காது. எடை மீள வேண்டிய கட்டத்தில் தட்டில் ஏறக்குறைய பாதி மாவுச்சத்து, கால் பங்கு புரதம், மீதி காயும் பழமும். கொழுப்பு ஒவ்வொரு வேளையிலும் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்க வேண்டும். வழக்கமாகச் சறுக்கும் இடம், தட்டை இலைக் காய்களாலும் சூப்பாலும் தண்ணீராலும் நிரப்பிவிட்டு "வயிறு நிறைய" என்று சொல்வது. வயிறு நிறையும், ஆற்றல் வராது. காபி, சர்க்கரையில்லாக் குளிர்பானம், சூயிங்கம் ஆகியவற்றின் அளவையும் கவனியுங்கள், பசியை மூடி மறைக்க இவை நன்றாகவே உதவுகின்றன.

கட்டுக்கடங்காமல் தின்பதும் பிறகு வெளியேற்றுவதும் முதன்மைப் பிரச்சினையாக உள்ளவர்களுக்கும் இதே சட்டகம்தான். நேற்று இரவு மிகுதியாகிவிட்டது என்று இன்று காலை உணவைத் தவிர்ப்பதுதான் இன்று இரவின் மிகுதிக்கு விதை. அடுத்த வேளை, குறித்த நேரத்தில், முழு அளவில். இந்த ஒரு விதியை விடாமல் பிடித்தாலே பலருக்குச் சில வாரங்களில் இப்படித் தின்னும் தடவைகளின் எண்ணிக்கை கணிசமாகக் குறைகிறது.

வயிறு முதலில் ஒத்துழைக்காது. பட்டினியில் இரைப்பை காலியாகும் வேகம் குறைந்திருப்பதால் நாலு வாயிலேயே நிறைந்த உணர்வு, உப்புசம், மலச்சிக்கல் எல்லாம் வரும். இதற்குத் தீர்வு உணவைக் குறைப்பது அல்ல. அளவைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியைத் திரவமாக மாற்றி, நார்ச்சத்தைத் தற்காலிகமாக மட்டுப்படுத்தினால் தாங்கிக்கொள்ள முடியும். தொடர்ந்து சாப்பிட்டால் சில வாரங்களில் குடல் பழகும். உப்பிய வயிற்றைக் கொழுப்பு என்று படிப்பதுதான் இந்தக் கட்டத்தில் பலர் பின்வாங்கும் காரணம்.

அடுத்தது எடை காட்டும் கருவி. முதல் வாரங்களில் ஏறும் எண்ணில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் (உடல் சேமித்துவைக்கும் மாவுச்சத்து) சேரும்போது அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்தே தங்கும். வாந்தியையும் மலமிளக்கியையும் நிறுத்தியவர்களுக்குக் கூடுதலாகக் கணுக்கால், கண் இமை, முகம் வீங்கலாம். நீரிழப்பைச் சமாளிக்க ஏறியிருந்த ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் உடனே இறங்காமல் உப்பையும் நீரையும் பிடித்துவைப்பதே காரணம். பொதுவாகச் சில வாரங்களில் வடியும். நீர் போக்கும் மாத்திரையைத் தானாக எடுத்தால் அதே சுழல் மறுபடி தொடங்கும். வீக்கத்தோடு மூச்சுத் திணறலும் சேர்ந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எடை பார்ப்பது வாரம் ஒருமுறை, ஒரே கருவியில், காலையில், மெல்லிய உடையில். எண் மனத்தைக் குலைக்கிறது என்றால் வேறொருவர் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். ஒரு வார எண்ணுக்கு அர்த்தம் இல்லை, நான்கு வாரப் போக்குக்குத்தான் அர்த்தம். எடை பார்க்குமுன் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்து ஏமாற்றுவது உண்டு. ரத்த சோடியம் சரிந்து வலிப்பு வரும் அளவுக்கு அது ஆபத்து என்பதை வீட்டாரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இதற்குப் பிறகு வருவதுதான் பலரையும் வியக்க வைக்கும் கட்டம். மெட்டபாலிசம் மெதுவாகிவிட்டது என்று பயந்தவருக்கு அதற்கு எதிரானது நடக்கும்: சாப்பிட்டதும் உடல் சுடும், இரவில் வியர்த்துக் கொட்டும், அதே அளவு சாப்பிட்டும் எடை ஏறாமல் நிற்கும். உடல் மூடிவைத்த வேலைகளைத் திரும்பத் திறக்கிறது. ஹார்மோன் உற்பத்தி, திசுப் பழுதுபார்ப்பு, உடல்வெப்பம் எல்லாம் ஒரே நேரத்தில் ஆற்றல் கேட்கின்றன. வெளிநோயாளியாக வாரத்துக்கு அரைக் கிலோவை ஒட்டி ஏறிக்கொண்டிருந்தவர் இரண்டு வாரம் அசையாமல் நின்றால், உணவைக் கூட்ட வேண்டும் என்பதே அதன் பொருள். "பரவாயில்லை, நிலைத்துவிட்டது" என்று முடிவு செய்வது அவசரம்.

திரும்பும் கொழுப்பு முதலில் வயிற்றுப் பக்கமும் இடுப்பிலும் தங்கும், கைகால் மெலிந்தே இருக்கும். கண்ணாடியில் பார்க்க இது கொடுமைதான். மீண்ட எடையை ஓராண்டு போல நிலையாக வைத்திருந்தால் கொழுப்பு பரவிச் சீராகிறது. பாதியில் மறுபடி குறைத்தால் ஒவ்வொரு முறையும் அந்தச் சங்கடமான கட்டத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.

எந்த எடை வரை? பிஎம்ஐ (உயரத்தோடு எடையை ஒப்பிடும் குறியீடு) அட்டவணையின் கீழ்க்கோட்டைத் தொட்டதும் நிறுத்துவது மிகப் பரவலான தவறு. சிறுவயது வளர்ச்சி வரைபடம், மாதவிடாய் சீராக இருந்த காலத்து எடை, குடும்பத்தாரின் உடல்வாகு ஆகியவற்றை வைத்துத்தான் இலக்கு அமைய வேண்டும். பருத்த உடலிலிருந்து வேகமாக எடை இழந்தவரின் பிஎம்ஐ சாதாரணமாக இருக்கலாம். நாடித்துடிப்பும் பொட்டாசியமும் பாதித்திருந்தால் அவருக்கும் அதே சிகிச்சைதான். அவரைப் பாராட்டி அனுப்பிவிடும் மருத்துவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மாதவிடாய் பெரும்பாலோருக்கு எடை மீண்ட சில மாதங்களில் திரும்பும். கருத்தடை மாத்திரையால் வரும் உதிரப்போக்கு மீட்சியின் அடையாளம் அல்ல. அது எலும்பையும் காப்பதில்லை, உண்மை நிலையை மறைக்கவே செய்கிறது. எலும்பு அடர்த்தியை டெக்ஸா ஸ்கேனில் பார்த்துவிடுவது நல்லது. கால்சியமும் வைட்டமின் டியும் தேவை, ஆனால் எடையும் ஹார்மோனும் திரும்பாமல் அவை மட்டும் எலும்பைக் கட்டாது.

உடற்பயிற்சி, நாடித்துடிப்பும் ஈசிஜியும் ரத்தத் தாதுக்களும் சரியான பிறகுதான். மெல்ல நடப்பது, பிறகு எடை தூக்கும் வலுப் பயிற்சி. இழந்த தசையைக் கட்ட அதுவே உகந்தது. நீண்ட ஓட்டம் கடைசியில் வரட்டும். பயிற்சி நாளில் கூடுதல் உணவு உண்டு. ஒரு நாள் தவறினால் பதற்றம் வருகிறதா என்று பாருங்கள். வருகிறது என்றால் இன்னும் நேரம் ஆகவில்லை.

எடையை "நிர்வகிப்பது" பற்றிய பேச்சு இதற்கெல்லாம் பிறகுதான் தொடங்கலாம்: ஓராண்டு போலச் சீரான உணவு, வெளியேற்றும் பழக்கம் நின்றது, மாதவிடாய் அல்லது ஹார்மோன் அளவு திரும்பியது. அப்போதும் ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் வலி போன்ற மருத்துவக் காரணம் இருந்தால் அந்த அளவீடுகளையே குறியாக வைக்க வேண்டும், எடையை அல்ல. உறங்கும் நேரம், தசை வலு, வேளை தவறாமை ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். விட்டு விட்டு உண்ணாநோன்பு, ஒரு வகைச் சத்தை முழுவதும் ஒதுக்கும் உணவுமுறை, கலோரி எண்ணும் செயலிகள் ஆகிய மூன்றும் பழைய கதவைத் திறப்பவை. பசியை அடக்கும் எடைக் குறைப்பு ஊசிகளை எழுதித்தரும் மருத்துவரிடம் கோளாறின் முழு வரலாற்றையும் சொல்லியாக வேண்டும். மனச்சோர்வுக்கும் புகைப்பழக்கத்தை நிறுத்தவும் தரப்படும் புப்ரோபியான் என்ற மருந்து, அனோரெக்சியாவோ (உணவைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் கோளாறு) புலிமியாவோ (மிகுதியாகத் தின்று வெளியேற்றும் கோளாறு) இருந்தவருக்கு வலிப்பு அபாயத்தால் கூடாது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

வாராந்தர எடை இரண்டு முறை தொடர்ந்து இறங்கினாலோ, சிற்றுணவு ஒன்று சத்தமில்லாமல் காணாமல் போனாலோ அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். அன்றே அந்தச் சிற்றுணவைத் திரும்பச் சேர்த்து, பயிற்சியை நிறுத்தி, சிகிச்சை தருபவருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். மயக்கம், படபடப்பு, நெஞ்சு வலி, விழித்திருக்கும்போதே நிமிடத்துக்கு 50க்குக் கீழ் இறங்கும் நாடித்துடிப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.