காற்றைக் கேட்காமல் போட்ட பயணத் திட்டம்

கிரேக்கத் தீவுக்குப் போகலாம் என்று திட்டம் போட உட்கார்ந்தபோது, எல்லாரையும் போல நாங்களும் சாந்தோரினியில்தான் ஆரம்பித்தோம். வெள்ளைச் சுவர், நீலக் குவிமாடம், கீழே கடல். அந்தப் படத்தை மூன்று வருடமாகக் கைபேசியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். 2025 பிப்ரவரியில் விமான டிக்கெட் விலை பார்க்க உட்கார்ந்தபோது, சாந்தோரினிக்கும் அமோர்கோஸ் தீவுக்கும் நடுவே கடலடியில் நிலம் விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கானோர் தீவை விட்டுக் கப்பலேறினார்கள். டிவியில் அதைப் பார்த்த அம்மா, "ஏண்டி, காசு கொடுத்துப் போய் ஆடணுமா?" என்றாள்.

நடுக்கம் பிறகு அடங்கிவிட்டது. ஆனால் படித்துப் பார்த்ததில் வேறொன்று உறுத்தியது. சாந்தோரினியின் பெயர்பெற்ற ஊர்கள் எல்லாம் எரிமலை வாயின் விளிம்பில் தொங்குகின்றன. எங்கே திரும்பினாலும் படி. ஃபிரா ஊரிலிருந்து பழைய துறைமுகத்துக்கு இறங்க மட்டும் கிட்டத்தட்ட 600 படிகள். அதற்குக் கேபிள் கார் உண்டு, சரி. தங்கும் அறைக்குப் போகிற படிக்கு என்ன செய்வது? அம்மாவுக்கு வயது 66, வலது முழங்கால் தகராறு. படத்தை அழிக்கவில்லை, தீவை மட்டும் மாற்றிவிட்டேன்.

நக்ஸோஸ் என்று முடிவானது. சிக்லடீஸ் தீவுக்கூட்டத்தில் அதுதான் பெரியது. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் விளைவிக்கிற விவசாயத் தீவு என்பதால் சுற்றுலாப் பயணியை மட்டும் நம்பி வாழாத ஊர். துறைமுக ஊரான ஹோராவிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் ஆகியோஸ் யோர்கியோஸ் கடற்கரை, கரையோரம் ஆழமில்லை. அம்மா கால் நனைக்க அது போதும்.

என் கணவருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஏழு ராத்திரியில் நக்ஸோஸ், பாரோஸ், மீலோஸ் என்று மூன்று தீவுக்கு ஒரு எக்ஸெல் ஷீட் போட்டுக்கொண்டு வந்தார். அறையைக் காலி செய், பெட்டியை இழு, துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திரு, அடுத்த ஊரில் அறைச் சாவி வாங்கு. ஒவ்வொரு தீவு மாற்றமும் அரை நாளை விழுங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். ஷீட்டை மூடிவிட்டார்.

மாதம் செப்டம்பர். ஆகஸ்ட் 15 மாதா திருநாளையொட்டி கிரேக்கர்களே தீவுகளை நிறைத்துவிடுவார்கள். அக்டோபர் பாதிக்கு மேல் கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்திவிடும். ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடல்மேல் வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று அடிக்கும்; செப்டம்பரில் குறையும் என்று எங்கே பார்த்தாலும் போட்டிருந்தது. நின்றுவிடும் என்று யாரும் எழுதவில்லை. அதை நான் கவனித்துப் படித்திருக்க வேண்டும்.

இனி ஷெங்கன் விசா, கிரீஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளாவது முன்பு கொடுத்துவிட வேண்டும். பெரியவர்களுக்குத் தலைக்கு 90 யூரோ, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. இதெல்லாம் சுலபம். சிக்கல் எங்கே என்றால், விசாவுக்குப் போகவர டிக்கெட்டும் தங்குமிடமும் முன்பதிவாகக் காட்ட வேண்டும், ஆனால் செப்டம்பர் கப்பல் நேரங்களில் பாதி அப்போது வெளியாகவே இல்லை. ரத்து செய்யக்கூடிய அறைகளாகப் பார்த்துப் பதிவு செய்துகொண்டு ஜூனில் சென்னை மையத்துக்குப் போனோம். சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு விவரம், அலுவலக விடுப்புக் கடிதம், அம்மாவின் பென்ஷன் காகிதங்கள் எல்லாம் ஒரு கட்டு.

கவுண்டரில் இருந்த பெண் என் பயணத் திட்டத்தில் விரலை வைத்து, "மேடம், வெள்ளிக்கிழமை ராத்திரி எங்கே தங்கறீங்க?" என்றாள். சனிக்கிழமை விடிகாலை விமானம். வெள்ளி மாலை தீவிலிருந்து கப்பலில் வந்து, ஏதென்ஸ் விமான நிலையத்திலேயே உட்கார்ந்துவிடலாம் என்பது என் சிக்கனத் திட்டம். "ஒவ்வொரு ராத்திரிக்கும் பேப்பர் வேணும்" என்று கட்டைத் திருப்பித் தள்ளிவிட்டாள். மறுபடி நேரம் வாங்க பத்து நாள் ஆயிற்று. வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவர், "எப்படியும் ஏதென்ஸ்ல ரூம் போடறோம்னா ரெண்டு ராத்திரியா போட்டு அத்தைக்கு அக்ரோபோலிஸ் காட்டலாமே" என்றார். தீவிலிருந்து கிளம்புவது வெள்ளியிலிருந்து வியாழனுக்கு மாறியது. இந்த முறை கட்டை வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் விசா வந்துவிட்டது.

கப்பலில் இரண்டு வகை. பெரிய கப்பல் ஏதென்ஸ் அருகே உள்ள பிரேயஸ் துறைமுகத்திலிருந்து நக்ஸோஸுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். திறந்த மேல்தளம் இருக்கும், ஆட்டம் குறைவு. அதிவேகப் படகு நாலு மணிக்குள் சேர்த்துவிடும், விலை கூட, உள்ளேயே அடைந்து கிடக்க வேண்டும். இந்த அதிவேகப் படகுகளில் பலவும் கட்டமரான், அதாவது இரண்டு உடல்களை இணைத்துக் கட்டிய படகு. அந்தச் சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது என்று அம்மாவுக்குச் சொன்னபோது அவளுக்கு ஒரே பெருமை. போகும்போது பெரிய கப்பல், திரும்பும்போது கட்டுமரம் என்று பதிவு செய்தேன்.

ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து பிரேயஸ் வரை மெட்ரோ நேரே போகிறது, 9 யூரோ, ஏறக்குறைய ஒரு மணி நேரம். அன்றிரவு துறைமுகம் அருகே தங்கிவிட்டுக் காலையில் கப்பல் ஏறினோம். வண்டிகள் ஏறும் பின்கதவு வழியாகவேதான் ஆட்களும் ஏற வேண்டும். பெட்டிகளை ஊர்ப் பெயர் எழுதிய அடுக்குகளில் வைத்துவிட்டு மேலே போகலாம். இறங்குவதுதான் அவசரம். கப்பல் பின்புறமாகக் கரையை ஒட்டி நின்று, ஆட்களையும் லாரிகளையும் சில நிமிடங்களில் கொட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறது. முழங்கால் வலிக்காரரோடு போகிறவர்கள் அறிவிப்பு வந்தவுடனே கீழே இறங்கி நின்றுகொள்ளுங்கள்.

தீவில் கழிந்த நாட்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் அப்பல்லோவுக்குக் கட்டத் தொடங்கி முடியாமல் நின்ற கோயிலின் பளிங்கு வாசல், போர்டாரா, துறைமுகத்திலேயே வரவேற்கிறது. கோயில் இல்லை, நிலை மட்டும். அம்மா அதையும் கும்பிட்டாள். மலையூர்களுக்கு ஒரே ஒரு நாள் கார் எடுத்தோம். கணவர் கிளம்பும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கியிருந்தார். வலப்பக்கச் சாலை, கையால் கியர் போடுகிற கார், மலை வளைவு. மற்ற நாட்களில் பஸ்ஸே போதும் என்று அவரே சொல்லிவிட்டார்.

சாப்பாடுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. அம்மா முட்டைகூடத் தொடமாட்டாள். கிரேக்கத் திருச்சபையில் நோன்பு நாட்கள் நிறைய. அந்தச் சாப்பாட்டுக்கு நிஸ்டீசிமோ என்று பெயர், கறியும் பாலும் இருக்காது. ஆனால் கணவாயும் இறாலும் அதில் அடக்கம் என்பதால் அந்தச் சொல்லை மட்டும் நம்பக் கூடாது. லாடெரா என்று கேளுங்கள், எண்ணெயில் வேகவைத்த காய்கறி. தக்காளிக்குள் அரிசி அடைத்த கெமிஸ்டாவைக் கறி சேர்க்காததா என்று கேட்டுக்கொண்டு வாங்கலாம். ஜாட்ஸீகியை ஒரு வாய் வைத்துவிட்டு, "வெள்ளரிக்காய் பச்சடில பூண்டைப் போட்டுக் கெடுத்து வெச்சிருக்கான்" என்றாள் அம்மா. ஆனாலும் தினமும் கேட்டு வாங்கினாள்.

விடுதியில் அறை வாடகைக்கு மேல் ஒரு அரசு வரி உண்டு, முன்பதிவில் கண்ணில் படாமல் போகலாம். கோடை மாதங்களில் இரண்டு நட்சத்திர விடுதிக்கு ஓர் இரவுக்கு 2 யூரோ, நாலு நட்சத்திரம் என்றால் 10. ஆள் கணக்கு இல்லை, அறைக் கணக்கு.

புதன் இரவு ஜன்னல் கதவுகள் அடித்துக்கொள்ள ஆரம்பித்தன. வியாழன் காலை கைபேசியில் செய்தி: படகு ரத்து. காற்று ஓர் அளவைத் தாண்டினால் துறைமுக அதிகாரிகள் தடை போட்டுவிடுவார்கள், அதிவேகப் படகுகளுக்கு அது முதலில் வரும். துறைமுகத்தில் டிக்கெட் விற்கும் கடையில் கூட்டம். வெள்ளிக்கிழமை காலைப் பெரிய கப்பலுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். "கட்டுமரம் போகாத காத்தா இது?" என்று அம்மா நம்பவே இல்லை. விடுதிக்காரர் அதே அறையை இன்னும் ஒரு ராத்திரிக்குக் கொடுத்தார்.

வெள்ளி மாலை பிரேயஸில் இறங்கினோம். வியாழன் ஏதென்ஸ் அறை வாடகை போயிற்று. வெள்ளி மதியத்துக்கு எடுத்த அக்ரோபோலிஸ் டிக்கெட், தலைக்கு 30 யூரோ, பணம் திரும்ப வராத வகை, அதுவும் போயிற்று. அன்று ராத்திரி ஏதென்ஸ் விடுதியின் மொட்டை மாடியில் அம்மாவை நிற்க வைத்து, தூரத்தில் குன்றின்மேல் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்த பார்த்தெனானை, அக்ரோபோலிஸின் பழைய கோயிலைக் காட்டினேன். "அந்தக் கவுண்டர்ப் பொண்ணு பேரு என்னடி?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.